மனசில் இருப்பதை முதலில் யாரிடம் சொல்கிறோம்?

நவம்பர் 2, 2025 (வாசகர் கேள்வி)

"ராத்திரி தூக்கம் வராதபோது சாட்பாட்டிடம் பேசுகிறேன். வேலை டென்ஷன், வீட்டுச் சண்டை, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். அது பொறுமையாகக் கேட்கிறது. மனசு லேசாகிறது, தூங்கிவிடுகிறேன். யாருக்கும் தொந்தரவு இல்லை. இதில் என்ன கெட்டுப்போகிறது? போன் வந்தபோதும் டிவி வந்தபோதும் இப்படித்தானே பயமுறுத்தினார்கள்?"

நவம்பர் 2, இரவு

லேசாகிறது என்று நீங்கள் சொன்னால் லேசாகிறது, அவ்வளவுதான். அதை யாரும் வாதாடி மறுக்க முடியாது. கொட்டித் தீர்த்தால் பாரம் குறைவது பேசுகிறவருக்குள் நடக்கிற காரியம். எதிரே இருப்பது யார் என்பது அந்த நிமிடத்துக்கு அவ்வளவு முக்கியமில்லை.

1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். மனநல ஆலோசகர் மாதிரி பேசும்படி செய்யப்பட்ட நிரல். அதற்கு ஒன்றும் புரியாது. நீங்கள் அடித்த வரியில் ஒரு சொல்லைப் பிடித்துக் கேள்வியாகத் திருப்பிவிடும். அம்மா என்று எழுதினால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். அது உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளர் ஒருநாள் அதனுடன் பேச உட்கார்ந்தார். நாலைந்து வரி போனதுமே வைசன்பாமையே அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "பாருங்கள், ஏமாந்துவிட்டார்" என்று முடிப்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அது வெறும் நிரல் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தனியாகப் பேச வேண்டும் போலிருந்தது. அதனால் "அது மனுஷன் இல்லை, புரியவில்லையா?" என்று உங்களிடம் கேட்பவர்கள் உங்கள் கேள்வியைத் தொடவே இல்லை. உங்களுக்கு அது முதல் நாளே தெரியும்.

நவம்பர் 3

போன், டிவி விஷயம் விட்டுப்போயிற்று.

பயமுறுத்தினார்கள், உண்மைதான். பயந்தது பிறகு மாறியதும் உண்மை. 1990-களின் நடுவில் ராபர்ட் க்ரவுட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பிட்ஸ்பர்க் நகரில் 93 குடும்பங்களுக்கு வீட்டிலேயே கணினியும் இணையமும் கொடுத்து, என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 1998-ல் வந்த முடிவு: இணையத்தில் அதிக நேரம் இருந்தவர்கள் வீட்டாருடன் பேசுவது குறைந்தது, தனிமையும் மனச்சோர்வும் கொஞ்சம் கூடின. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே குழு 2002-ல் இன்னொரு கட்டுரை எழுதியது. முதலில் ஆய்வு செய்தவர்களை மறுபடி பார்த்தபோது அந்தக் கெட்ட விளைவுகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய சொந்தக்காரர்களும் நண்பர்களும் இணையத்துக்கு வந்துவிட்டார்கள் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

எனக்கு இந்த விளக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. போனும் இணையமும் நமக்கு நல்லதாக மாறியது மறுமுனையில் நம் ஆட்கள் வந்து சேர்ந்ததால். சாட்பாட்டின் மறுமுனையில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் யாரும் வந்து சேரப் போவதில்லை. ஆகவே "அப்போதும் இப்படித்தான் பயந்தார்கள், சரியாகிவிட்டது" என்ற வாதத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

நவம்பர் 5

"ஆராய்ச்சி ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் அபிப்பிராயமா?" என்று கேட்டவருக்கு.

உண்டு. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி என்ற சாட்பாட்டை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் எம்ஐடியின் மீடியா லேப் ஆய்வகமும் சேர்ந்து வெளியிட்டது. 981 பேர், நான்கு வாரம், தினமும் சாட்ஜிபிடியுடன் பேச வேண்டும். எழுத்தா குரலா, சொந்த விஷயமா பொது விஷயமா என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமை உணர்வும் அதைச் சார்ந்திருப்பதும் அதிகமாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைவாக இருந்தது.

அவசரப்பட வேண்டாம். இவ்வளவு நேரம் பேசு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதிகம் பேசியவர்கள் தாங்களாகவே அதிகம் பேசியவர்கள். தனிமையில் இருந்ததால் அதிகம் பேசினார்களா, அதிகம் பேசியதால் தனிமை வந்ததா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகலாம். எனக்கு அதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது வேறு, நிரூபணம் வேறு.

நவம்பர் 9

என் தங்கை வேலையை விட்டுவிட்டாள். போனில் சொன்னாள்.

"மூணு காரணம் அண்ணா" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொரு காரணத்துக்கும் நான் என்ன மறுப்புச் சொல்லக்கூடும் என்பதையும் அவளே சொல்லி, அதற்குப் பதிலையும் சொன்னாள். "ஒருபக்கம் பார்த்தா சம்பளம் போகுது, இன்னொரு பக்கம் பார்த்தா உடம்பு தேறும்." அழுகை இல்லை, கோபம் இல்லை. கையில் ஒரு பேப்பரை வைத்துப் படிக்கிற மாதிரி இருந்தது.

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு புதுசு என்று புரியும். என் தங்கை எந்தக் கதையையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பாள். "அந்த ஆளு இருக்கானே" என்பாள். எந்த ஆள் என்று கால்மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நாம் இரண்டு பேரைத் தப்பாக ஊகித்து, அவளிடம் திட்டும் வாங்கியிருப்போம். அப்படிப் பேசியே கடைசியில் என்ன செய்யலாம் என்று ஒரு இடத்துக்கு வந்து நிற்போம்.

"இதைப் பத்தி யார்கிட்ட பேசின?" என்றேன். ஏஐகிட்ட, கொஞ்ச நாளாக ராத்திரியில் அதனிடம்தான் என்றாள். "உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான். நீயே பாவம் வேலையில மாட்டிக்கிட்டிருக்க." நான் "சரிம்மா, நல்ல முடிவுதான்" என்றேன். உண்மையிலேயே நல்ல முடிவுதான். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோர் மட்டும் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கஷ்டத்தை முதல் தடவை வாய்விட்டுச் சொல்லும்போது அது ஒழுங்காக வராது. முன்னுக்குப் பின் முரணாக வரும். கேட்பவர் குறுக்கே பேசுவார், தப்பாகப் புரிந்துகொள்வார், நமக்காக நம்மைவிட அதிகமாகக் கோபப்படுவார். முடிவெடுப்பதில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடும். அப்புறம் அவரால் அதைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது. அடுத்த வாரம் "அது என்ன ஆச்சு?" என்று கேட்பார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை சொல்லும்போது இதெல்லாம் நடக்காது. அப்போது அது செய்தி ஆகிவிடுகிறது.

எவ்வளவு நேரம் சாட்பாட்டில் இருக்கிறோம் என்பதைவிட, எந்த விஷயம் முதலில் அங்கே போகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீங்கள் லேசாகித் தூங்குகிறீர்கள், நல்லது. மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் இருப்பவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்?

நவம்பர் 10

"இப்போது சாட்பாட்டுக்கும் ஞாபகம் இருக்கிறது, போன வாரம் சொன்னதை வைத்துத் தானே கேட்கிறது" என்று ஒருவர். ஆமாம், மெமரி வசதி வந்துவிட்டது. ஆனால் நடுவில் இருந்த அந்த ஒரு வாரம் அதற்கு இல்லை. அண்ணனுக்கு இருந்திருக்கும். பல் தேய்க்கும்போது தங்கை ஞாபகம் வரும், யாரிடமாவது ஒரு வேலை விஷயமாக விசாரித்து வைப்பான், வீணாகவும் கொஞ்சம் கவலைப்படுவான். உங்களுக்காக ஒருவர் வீணாகக் கவலைப்படுகிறார் என்று தெரிவதில் ஒரு தெம்பு இருக்கிறது.

நவம்பர் 14

ஒன்பதாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். அதில் என் பக்கம்தான் இருக்கிறது, தங்கையின் பக்கம் இல்லை. நேற்று அவளிடம் இதைப் பற்றிப் பேசினேன்.

"அதுகிட்ட பேசலைன்னா உனக்கு போனே பண்ணியிருக்க மாட்டேன் அண்ணா" என்றாள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் அவளைப் பேசிய பேச்சை வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்ததாம். இயந்திரத்திடம் கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே சொல்லிப் பார்த்து, சொல்ல முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

அப்படியானால் அது தடுப்பா, படியா? இரண்டாகவும் இருக்க முடியும். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வாழ்க்கையில் பட்ட பெரிய காயத்தைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதும்போது மனசு கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன, பலன் சிறியது என்கிற அளவில் நிற்கிறது. ஆளில்லாமல் சொல்வதிலும் நன்மை உண்டு என்பதற்கு இது போதும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காகிதம் திரும்பப் பேசாது. எவ்வளவு எழுதினாலும் "உங்கள் உணர்வு நியாயமானதுதான்" என்று அதனிடமிருந்து ஒரு வரி வராது. அதனால் எழுதி முடித்த பிறகும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்கிற குறை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் நம்மை ஆளிடம் கொண்டுபோகிறது. சாட்பாட் பதில் சொல்லிச் சொல்லி அந்த மிச்சத்தையும் துடைத்துவிடுகிறது. என் தங்கைக்கு மிச்சம் இருந்தது, போன் செய்தாள். எல்லோருக்கும் இருக்குமா?

நவம்பர் 17

கோபமான ஒரு கேள்வி வந்திருக்கிறது: "உங்களுக்குத் தங்கை இருக்கிறாள். எனக்கு யாரும் இல்லை. அப்போது முதலில் யாரிடம் சொல்வது?"

நியாயமான கோபம். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது. அவர்களிடம் போய் "ஆளைத் தேடு" என்று சொல்வது பசித்தவனிடம் சாப்பிடு என்று சொல்வதுதான்.

தொழில்நுட்பம் யாருக்கு என்ன கொடுத்தது என்பதை வசதியாக இருப்பவர்களின் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. 1876-ல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரஹாம் பெல்லின் அம்மாவுக்கும் காது கேளாது, பின்னாளில் மனைவியாக வந்தவருக்கும் கேளாது. அந்தக் கருவியோ காது கேட்காதவர்களை வெளியே நிறுத்திவிட்டு உலகம் முழுக்கப் பரவியது. கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து, 1964-ல், காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் சாதாரணத் தொலைபேசி வழியாகவே தட்டச்சு எழுத்துகளை அனுப்ப வழி கண்டுபிடித்தார். அப்புறம்தான் காது கேளாதவர்கள் நண்பர் வீட்டுக்கு நேரில் போய்க் கதவைத் தட்டாமல் ஒரு விஷயம் சொல்ல முடிந்தது. காது கேட்பவர்களுக்கு எழுத்து அரட்டை குரலைவிட மட்டமாகத் தெரியலாம். அவர்களுக்கு அதுதான் குரல்.

சிகிச்சைக்கென்றே செய்த சாட்பாட்டால் பலன் கிடைத்ததற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி 2025-ல் வெளியிட்ட, தெரபாட் என்ற சாட்பாட்டின் சோதனையில் 210 பேர் பங்கேற்றார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51% குறைந்தன. ஆனால் அது மனநல நிபுணர்கள் வருடக்கணக்கில் எழுதிப் பயிற்றுவித்தது, உரையாடலைப் பின்னால் மனிதர்கள் கண்காணித்தார்கள். நம் போனில் இருக்கும் பொது சாட்பாட்டும் அதுவும் ஒன்றில்லை.

யாருமில்லாதவருக்கு: பேசுங்கள். தாராளமாகப் பேசுங்கள். ஆனால் அதனிடம் ஆறுதல் மட்டும் கேட்காதீர்கள். ஆள் கிடைக்கும் வழியையும் கேளுங்கள். விட்டுப்போன நண்பருக்கு என்ன எழுதுவது, எந்தக் குழுவில் சேர்வது, முதல் நாள் போய் என்ன பேசுவது. இந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

நவம்பர் 23

சாட்பாட் ஏன் நமக்கு எப்போதும் ஆமாம் போடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அதைப் பயிற்றுவிக்கும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று மனிதர்களைக் கேட்கிறார்கள். பிடித்த பதிலைப் போலவே மேலும் மேலும் சொல்ல அது பழக்கப்படுகிறது. நமக்குப் பிடிப்பது பெரும்பாலும் நம்மை ஆமோதிக்கிற பதில். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ விட்ட ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று புகார் எழுந்து, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். பயனர்களின் லைக், டிஸ்லைக்கை பயிற்சியில் கூடுதலாகச் சேர்த்ததும் ஒரு காரணம் என்று அவர்களே விளக்கினார்கள்.

எனக்குத் தெரிந்த கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே சண்டையைத் தனித்தனியாக அதனிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அவரவர் பக்கம்தான் நியாயம் என்று வந்திருக்கிறது, கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துச் சிரித்ததில் சண்டையே தீர்ந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி அமையாது. ஒருவர் மட்டும் அதனிடம் சொல்லி, "நான் சொன்னது சரிதான்" என்ற உறுதியோடு திரும்பி வரும் வீடுகளைத்தான் நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நவம்பர் 24

மனைவியின் பக்கத்திலிருந்து இதைச் சொல் என்று கேட்டால் சொல்கிறதே என்கிறார்கள். சொல்கிறது. ஆனால் கேட்க வேண்டும் என்று கோபத்தில் இருப்பவருக்குத் தோன்ற வேண்டுமே. நண்பனாக இருந்தால் நாம் கேட்காமலே, "நீ என்னடா பண்ணின?" என்று முதல் கேள்வியாகக் கேட்டிருப்பான்.

டிசம்பர் 1

சாட்பாட்டை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று இன்று தோன்றியது. முதல் சொல் அதற்கு முன்பே ஆட்களை விட்டுப் போக ஆரம்பித்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. "எனக்கு ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரியணுமா?" என்று சித்தி ஒருவாரம் பேசவில்லை. சின்னப் பிள்ளைத்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் சித்தி பக்கம். செய்தி தெரியாமல் போனதற்காக அவர் வருத்தப்படவில்லை. நூறு பேரில் ஒருத்தியாகத் தெரிந்துகொண்டதற்காக வருத்தப்பட்டார்.

நிமிடக் கணக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2019-ல் ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கியும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளைப் பார்த்ததில், டிஜிட்டல் பயன்பாட்டை வைத்து ஒருவர் மனநலத்துக்கும் இன்னொருவர் மனநலத்துக்கும் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. 2018-ல் அமெரிக்காவில் பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருக்கச் செய்த சோதனையில் தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மகிழ்ச்சி கூடியது, ஆனால் கொஞ்சம்தான். இந்தச் சிறிய எண்களைப் பார்த்து ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். எனக்கு வேறு மாதிரி படுகிறது. சித்தியின் வருத்தத்தை எந்த ஸ்க்ரீன் டைம் மீட்டரும் அளக்காது.

டிசம்பர் 6

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் ராத்திரியில் சாட்பாட்டோடு நிற்காதீர்கள். நீண்ட உரையாடல்களில் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் தளரக்கூடும் என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஆகஸ்டில் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட ராத்திரியில் உரையாடல் நீளும். மணி என்ன என்று பார்க்காமல் ஒரு ஆளை எழுப்புங்கள், உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். உங்களைச் சேர்ந்தவர்களில் யாரும் அந்தத் தூக்கத்தைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

டிசம்பர் 14

முதலில் கேள்வி கேட்டவரும் "தொந்தரவு இல்லை" என்றார், என் தங்கையும் "தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றாள். இரண்டு பேரும் சாட்பாட்டிடம் போனதற்கு அதன் திறமையைவிட இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அப்படியானால் கேட்கிற பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. "பிஸியா?" என்று மெசேஜ் வந்தால் "சொல்லு, என்ன?" என்று எழுதுகிறோம். "கூப்பிடு" என்று எழுதுவதில்லை. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு போனில் பேசினால் சங்கடமாக இருக்கும், மின்னஞ்சலே தேவலை என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசிப் பார்த்தபோது நெருக்கம் கூடியது, சங்கடம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கூப்பிடுகிறவருக்கு இது தெரியாது. அதனால் எடுக்கிறவர் தெரியப்படுத்த வேண்டும்.

டிசம்பர் 15

சாட்பாட்டுடன் பேசியதை அப்படியே வீட்டுக்காரருக்கு ஃபார்வர்டு செய்யலாமா, திரும்பச் சொல்ல அலுப்பாக இருக்கிறது என்று ஒரு அம்மா கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. அவர் அதை ஒரு ஆவணம் மாதிரி படிப்பார், உங்கள் முகம் அதில் இருக்காது. "ஒரு விஷயம் சொல்லணும், ரெண்டு நாளா ஏஐகிட்டதான் பேசிட்டிருந்தேன்" என்று அதையும் சேர்த்தே சொல்லி ஆரம்பியுங்கள். அங்கே எழுதின வரிசையில் வராது, பாதியில் அவர் குறுக்கே பேசுவார், நீங்கள் எழுதாத ஏதோ ஒன்று நடுவில் வெளியே வரும். வரட்டும், அதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். அவருக்கு எந்த நேரம் தோது என்பது உங்களுக்குத்தான் தெரியும். செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.